தக்காளிக்குப் போட்ட கல்யாணப் பந்தல்

நாற்பது தக்காளி நாற்றுகளை உயிரோடு வேக வைத்தவன் நான். இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி வழியாக உங்களுக்குத் தெரியவந்தால் அது அறுபதாகியிருக்கும்.

கொலைக்கருவி, இணையத்தில் வாங்கிய ஒரு பசுமைக்குடில். அட்டைப் பெட்டியில் மடித்து வந்தது. விரல் பருமனில் குழாய்கள், மேலே மாட்ட ஒரு பிளாஸ்டிக் உறை, முன்னால் கழுத்திலிருந்து கால்வரை ஒரு ஜிப். ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகத் தின்றுவிட்டு அது எழுந்து நின்றது. உள்ளே நாற்றுத் தட்டுகளை வரிசையாக வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, செல்லமாக ஒரு தட்டு தட்டிவிட்டுத் திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனேன். சாயங்காலம் வந்து திறந்தபோது ஓட்டல் சமையல்கட்டு மாதிரி ஆவி வந்தது. நாற்றுகள் வதக்கிய கீரையாகப் படுத்திருந்தன.

பெட்டிக்குள் ஒரு கையேடு இருந்தது. பகலில் ஜிப்பைத் திறந்து வைக்கவும் என்று அதன் நாலாம் பக்கத்தில் கட்டம் போட்டு அச்சடித்திருந்தார்கள். நான் பார்க்கும் உத்தியோகம், ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இந்த மாதிரிக் கையேடுகளை எழுதுவது. எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்று இருபது வருஷமாகப் புலம்பி வருகிறவன்.

அதுவும் எந்த ஊரில். பென்சிலை நட்டு வைத்தால் மூன்றாம் மழையில் துளிர்விடும் பெங்களூரில். இங்கே பசுமைக்குடில் வைப்பது, குளத்துக்குள் தண்ணீர்த்தொட்டி கட்டுவது போல. ஆனால் எனக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளையும் அதுவரை நான் உண்டாக்கியதில்லை. ஒரு தக்காளியாவது காய்க்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதும் மூன்று புத்தகங்கள் வாங்கினேன். அந்த வயதில் ஆசை அப்படித்தான் வரும்.

நாங்கள் இருப்பது ஆஸ்டின் டவுனில், என் மாமனார் கட்டிய வீட்டில். அவர் மாநில அரசில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றுக் காலமானவர். வீட்டுக்குப் பின்னால் பதினைந்தடிக்குப் பத்தடி காலி இடம். காலி என்று நான் சொல்கிறேன். அதில் என் மனைவி வசந்தியின் துணிக்கொடி இருந்தது, நாலு வரிசை நைலான் கயிறு. குடிலுக்காக அதை அவிழ்த்துச் சுருட்டி வைத்தேன். அன்றிலிருந்து ஈரத்துணியெல்லாம் ஹாலில் நாற்காலி முதுகுகளில் காய்ந்தன. வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு பாவாடையை நகர்த்திவிட்டுத்தான் உட்கார வேண்டியிருந்தது.

நாற்றுகள் வெந்த மூன்றாம் நாள் காற்றில் குடிலும் பறந்துபோய்ப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டி மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்தது. அன்று வசந்தி தீர்ப்பு சொன்னாள்.

"உகாதி வரைக்கும் டைம். அன்னிக்கு வைக்கிற ரசத்துல இந்த இடத்துல காய்ச்ச தக்காளி விழணும். விழலேன்னா என் கொடி திரும்ப வரும். அப்புறம் விவசாயத்தை எல்லாம் புஸ்தகத்தோட வச்சுக்கோங்க."

"எத்தனை தக்காளி?"

"ஒண்ணு."

"ஒண்ணு போதுமா?"

"உங்களுக்கு அதுவே ஜாஸ்தி."

இப்படித்தான் ஷாமியானா எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார்.

பூமியில் எதைக் கட்டினாலும் மூன்றாம் நாள் காலையில் பிரித்து வண்டியில் ஏற்றிவிட வேண்டும் என்று மனப்பூர்வமாக நம்பிய ஒரே மனிதர் ஷாமியானா. ஈஜிபுராவில் கொடோன் வைத்திருந்தார். பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு விடுவது தொழில். அப்பா காலத்திலிருந்து அதுதான். ஏதோ ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் மனைவியே போனை எடுத்து "ஷாமியானா வூட்ல இருந்து பேசறேன்" என்றுதான் சொல்வார். பத்து மாடி அடுக்ககம் ஒன்றைக் கடந்து போனால் அண்ணாந்து பார்த்து, "இன்னும் பிரிக்கல போல" என்பார். எங்கள் பக்கத்தில் வெகுநாளாகத் தூண் மட்டும் நிற்கும் ஒரு மேம்பாலத்தின்மேல் மட்டும் அவருக்கு அனுதாபம் உண்டு. "கம்பம் நட்டாச்சி சார். துணிதான் வரல."

அவரைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. பசுமைக்குடில் கம்பெனிக்காரர்கள் அரை ஏக்கருக்குக் கீழே வரமாட்டோம் என்றார்கள். வெல்டர் சங்கராந்தி கழியட்டும் என்றார். மார்கழி பிறக்க இரண்டு நாள் இருந்தது. மார்கழியில் கல்யாணம் கிடையாது. பெங்களூர் முழுவதும் பந்தல் கம்பங்கள் கொடோன்களில் சும்மா படுத்திருக்கும் மாதம் அது. வாடகைச் சாமான் என்றால் திருப்பி அனுப்பிவிடலாம் என்பதால் வசந்தியும் ஒத்துக்கொண்டாள். இருவருமே ரொம்பப் புத்திசாலித்தனமாக யோசித்ததாக அப்போது நினைத்தோம். மார்கழிக்குப் பிறகு தை என்று ஒன்று வரும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

டேப்பை எடுத்துக்கொண்டு அளக்க வந்தார். ஒல்லியான, உயரமான ஆள். அவரே ஒரு கம்பம் மாதிரி.

"எத்தினி பேரு சார்?"

"பேர் இல்லை. செடி."

"செரி, செடி எத்தினி?"

"முப்பது."

"முப்பதும் ஒண்ணா உக்காருமா, ரெண்டு பந்தியா?"

"ஒண்ணா."

"எத்தினி நாளிக்கு?"

"உகாதி வரைக்கும்."

டேப் சர்ரென்று உள்ளே போயிற்று. "சார், நாள் சொல்லுங்க. மாசம் சொல்லாதீங்க. மூணு நாளிக்கு மேல நான் எதையும் நிக்க வெச்சதில்ல."

முகத்தில் நிஜமான கலவரம். அப்போது வசந்தி காப்பியோடு வந்தாள். அவளைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார்.

"இது இன்ஜினியர் ஐயா வூடு இல்ல? அக்கா கல்யாணத்துக்கு எங்கப்பாதான் பந்தல். தாலி கட்ற நேரம் மழ வந்துச்சே." பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்கதானா அந்த நனைஞ்ச மாப்பிள்ள."

நான்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், தாலியைக் கையில் எடுத்த விநாடியில் பந்தலின் வடகிழக்கு மூலையிலிருந்து ஒரு குடம் தண்ணீர் என் தலையில் விழுந்தது. இன்றுவரை மாமனார் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு என் பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும் அது ஞாபகம் இருக்கிறது. அந்தத் தெருக்களை எல்லாம் ஷாமியானா அப்படித்தான் அறிந்து வைத்திருந்தார். நீலக் கேட்டு வீடென்றால் ரெண்டு கல்யாணம், ஒரு சாவு. எதிர் வீடென்றால் காது குத்து ஒன்று பாக்கி.

அன்றிலிருந்து அவர் வசந்தியை அக்கா என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். யார் மூத்தவர் என்பதை இரண்டு பேருமே விசாரிக்கவில்லை.

மறுநாள் மணி, பாஷா என்று நடுவயதுக்காரர்கள் இருவரோடு வந்து ஒன்றரை மணி நேரத்தில் பந்தலை நிறுத்திவிட்டார். இரும்புக் கம்பங்கள், மேலே துணிக்குப் பதில் கனமான பிளாஸ்டிக் ஷீட், சுற்றிலும் அதே. உள்பக்கம் ஓரம் முழுக்கச் சிவப்பு மஞ்சளில் ஜாலர் வைத்த துணி. வாசலில் இரண்டு வாழைமரம்.

"வாழை எதுக்கு?"

"வாசல்ல வாழ இல்லாம நான் பந்தல் போட்டதில்ல சார்."

கூரைக்குக் கீழே சுற்றிலும் ஒரு முழம் இடைவெளி விட்டிருந்தார். நான் மூன்று புத்தகம் படித்தவன். பசுமைக்குடில் என்றால் மூடியிருக்க வேண்டும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சார், ஐநூறு பேரு உக்காந்து சுடுசோறு துன்னா எவ்ளோ சூடு கெளம்பும் தெரியுமா? அது மேல போறதுக்கு வழி வுடணும். இல்லன்னா மொதப் பந்தியிலயே நாலு பேரு மயக்கம் போட்டுடுவாங்க."

என் முதல் பந்தியில் நாற்பது பேர் போயிருந்தார்கள்.

முடிச்சுகளைக் காட்டும்போது அவர் முகத்தில் பெருமை. "பாருங்க, இந்த நுனிய மட்டும் இழுத்தா போதும். மொத்தமும் அவுந்துடும்."

"அவிழாத முடிச்சு போட முடியாதா?"

"அது எதுக்கு சார்?"

மூன்றாம் நாள் காலை ஆறரைக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் சரசரவென்று சத்தம். எட்டிப் பார்த்தால், மணி ஒரு நுனியைப் பிடித்து இழுக்க, கூரை சொன்ன சொல் தவறாமல் மொத்தமும் அவிழ்ந்து இறங்கியது. பாஷா ஷீட்டை மடித்துக்கொண்டிருந்தார். நான் வாயில் பேஸ்ட்டோடு கத்தியது அவருக்கு, ஆகட்டும் என்று கேட்டிருக்க வேண்டும். "ஆயித்து சார், அஞ்சு நிமிஷம்" என்றார். வாய் கொப்பளித்துவிட்டு ஓடினேன். புது நாற்றுகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. வாழைமரம் வண்டியில் ஏறிவிட்டது.

ஷாமியானா ஓடி வந்தார். இருவரையும் திட்டினார். திரும்பக் கட்டினார். கடைசியில் என்னைத் தனியே கூப்பிட்டு, "நான் சொல்லாம வுட்டது தப்புதான். ஆனா சார், அவங்க மேல தப்பில்ல. மூணாம் நாளு" என்றார்.

மார்கழி முழுவதும் அவருக்கு வேலை இல்லை. ஆகவே தினமும் வந்தார். நான் வீட்டிலிருந்தே வேலை செய்யும் நாட்களில், ஜன்னல் வழியே பார்த்தால் பந்தலுக்குள் டீ தம்ளரோடு நின்றுகொண்டிருப்பார். கிழக்கு வரிசைச் செடிகளுக்கு மாப்பிள்ளை வீடு என்று பெயர், காலை வெயில் முதலில் அவர்களுக்குத்தான். மேற்கு வரிசை பெண் வீடு. தண்ணீர் ஊற்றுவது பந்தி. "பொண்ணு வூட்டுக்காரங்களுக்கு இன்னும் பந்தி போடலியா சார், கோச்சிக்கப் போறாங்க" என்பார்.

நான் வெப்பமானி, ஈரப்பதமானி, மண்ணின் புளிப்பை அளக்கும் தாள், நாலு கட்டம் போட்ட நோட்டு எல்லாம் வைத்திருந்தேன். அவரிடம் எதுவும் கிடையாது. ஆனால் நாற்றுகளை நான் நெருக்கி நட்டிருந்ததைப் பார்த்ததும், "ஏன் சார், பரிமாறுறவன் எப்பிடிப் போவான்? ரெண்டு எலைக்கு நடுவுல கால் வைக்க எடம் வுடணும்ல" என்று பாதியைப் பிடுங்கி வேறு வரிசை போட வைத்தார். அன்று மாலை புத்தகத்தில் தேடினேன். அதே இடைவெளிதான் போட்டிருந்தது, நான் படித்து நிறுத்திய இடத்திலிருந்து பதினெட்டு பக்கம் தள்ளி.

ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார். அவர் மகள் சிவில் டிப்ளமா படிக்கிறாள். காலேஜில் யாரோ அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள்.

"கட்றாருன்னு சொல்லிடுச்சி. நீ கட்னது எதுனா எங்கயாவது நிக்கிதாப்பான்னு என்னாண்ட வந்து கேக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கொடோன்ல கட்டுக்கட்டா நிக்கிதுன்னேன்." சிரித்தார். பிறகு மாப்பிள்ளை வீட்டில் ஒரு காய்ந்த இலையைக் கிள்ளினார்.

தை பிறந்தது. முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் போன்.

"சார், நாலே நாலு கம்பம். நாளைக்கு மத்தியானம் வந்துடும். சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

அது வாடகைச் சாமான். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலு கம்பம் போனால் கூரை ஒரு பக்கம் சாய்ந்தது. அடுத்த வாரம் கூரையே போயிற்று. "சாவு வூடு சார். இல்லன்னு சொல்ல முடியுமா?" முடியாது. பிறகு பக்கவாட்டு ஷீட்டுகள் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயின. திரும்பி வரும்போது மஞ்சள் கறையோடு வந்தன. ஒருமுறை கூரையின் உட்புறம் பெயர் சூட்டு விழாவின் பலூன் ஒன்று ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. அது சுருங்கும்வரை என் தக்காளிகள் அதற்குக் கீழே வளர்ந்தன.

"இன்னிக்கு உங்க தக்காளி எங்க போயிருக்கு?" என்று வசந்தி காலையில் கேட்பாள்.

"தக்காளி இங்கதான் இருக்கு. வீடுதான் கோரமங்களா போயிருக்கு."

"ரிசப்ஷனா?"

"ரிசப்ஷன்."

ஹாலில் ஒரு சட்டையை நகர்த்திவிட்டு உட்கார்ந்து இதைப் பேசிக்கொள்வோம்.

மாசியில் பூ வந்தது. மஞ்சளாக, கொத்துக்கொத்தாக. வந்து உதிர்ந்தது. மூடிய குடிலுக்குள் காற்றும் தேனீயும் வராததால் பூவை நாம்தான் அதிரச் செய்ய வேண்டும் என்றது புத்தகம். எலக்ட்ரிக் டூத்பிரஷ்ஷால் காம்பைத் தொட்டால் போதுமாம். தொட்டேன். தினமும் காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு பூவுக்கும் பல் விளக்கினேன். வசந்தி ஒருநாள் துணி உலர்த்த இடம் தேடிக்கொண்டு வந்தவள் பார்த்துவிட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அது என்னுதா, உங்களுதா?"

பதினோரு பூக்கள் பிஞ்சு பிடித்தன. தேதியோடு நோட்டில் எழுதி, எதிரே 'பிரஷ்' என்று குறித்துக்கொண்டேன். உகாதிக்கு ஆறு நாள் இருக்கும்போது பெண் வீட்டு வரிசையில் ஒரு காயின் அடிப்பக்கம் லேசாகச் சிவந்தது. மற்ற பத்தும் பச்சை. அந்த ஒன்றை நம்பித்தான் என் வாழ்க்கை இருந்தது.

அன்று விவேக் நகரில் ஷாமியானாவுக்குப் பெரிய கல்யாணம். கூரை, பக்கம், கம்பம் எல்லாம் காலையிலேயே போய்விட்டன. நான் ஆபீசில். நாலு மணிக்கு வானம் ஒரேயடியாகக் கறுத்தது. வண்டி பிடித்துக் கிளம்பி, வழியில் சிக்னலில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது மேலே டொக்டொக்கென்று விழ ஆரம்பித்தது. ஆலங்கட்டி. வீட்டுக்குப் போன் போட்டேன்.

"இங்கயும் விழுது. கோலிக்குண்டு சைஸ்ல விழுது. உங்க தக்காளி மேல நான் என்னத்தைப் போர்த்த? பெட்ஷீட்டா?" என்றாள் வசந்தி. பிறகு, "இருங்க, யாரோ கேட்டைத் தள்றாங்க" என்றாள். லைன் போய்விட்டது.

ஷாமியானாவுக்குப் போட்டேன். எடுக்கவில்லை. ஐநூறு பேர் கல்யாணத்தில், மழையில், எவன் போன் எடுப்பான். வண்டியை விட்டு இறங்கி மிச்ச தூரத்தை ஓடினேன். ஐம்பது வயதில் ஒருவன் மழையில் ஓடினால், வீட்டில் யாருக்கோ முடியவில்லை என்று வழி விடுவார்கள். விட்டார்கள்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன்.

கம்பம் ஒன்றுகூட இல்லை. ஆனால் கூரை இருந்தது. கம்பங்கள் நிற்க வேண்டிய நாலு மூலையிலும் நாலு பேர் கையை உயர்த்தி ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தென்கிழக்கில் மணி. தென்மேற்கில் பாஷா. வடகிழக்கில் ஷாமியானா. வடமேற்கில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வசந்தி. ஷீட்டின் மேல் கட்டிகள் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தன. கீழே முப்பது செடிகளும் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றன.

"எவ்ளோ நேரமா நிக்கற?" என்று வசந்தியிடம் கேட்டேன்.

"பேசாதீங்க. கை போகுது."

"கல்யாணம் என்னாச்சு?" என்றேன் ஷாமியானாவிடம்.

"முடிஞ்சிடுச்சி சார். எல்லாம் துன்னுட்டுப் போயிட்டாங்க. ஒரு மாமா மட்டும் மூணாந்தரம் தயிர்சாதம் வாங்கிகினு இருந்தாரு. அவருக்கு ஒரு கொடைய குடுத்துட்டு, நுனிய இழுத்தேன். ஒரே நிமிஷம், ஷீட்டு கைல வந்துடுச்சி. கம்பம் புடுங்க டைம் இல்ல. அதான் ஆளுங்களக் கூட்டிகினு வந்தேன். மூணு பேருதான் இருந்தோம், அக்கா ஒரு மூலைய புடிச்சிகிட்டாங்க."

அவிழாத முடிச்சு எதற்கு என்று அவர் கேட்டதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"உங்க கல்யாணத்துல கூட நான் இதே மூலைதான் சார்" என்றார் ஷாமியானா. மழை இரைச்சலில் சற்று உரக்கவே சொல்ல வேண்டியிருந்தது. "அன்னிக்கி கம்பம் சாஞ்சிடுச்சி. எங்கப்பா என்னப் புடிச்சிகினு நில்லுன்னாரு. தாலி கட்ற வரைக்கும் புடிச்சிகினுதான் இருந்தேன். கடைசில கை வலிச்சி கொஞ்சம் எறக்கிட்டேன். அதான் உங்க மேல ஊத்திடுச்சி. எங்கப்பாகிட்ட கூட சொல்லல."

இருபத்திரண்டு வருஷம். விசாரணை முடிந்தது. குற்றவாளி தானாக வந்து ஒப்புக்கொண்டுவிட்டார்.

"பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டே, நானும் ஒரு கை கொடுக்கலாம் என்று ஷீட்டுக்குக் கீழே குனிந்து நுழைந்தேன். நடுவில் தேங்கித் தொங்கிக்கொண்டிருந்த தண்ணீர் என் தலை பட்டு நகர்ந்தது. வடகிழக்கு மூலை ஒரு சாண் இறங்கியது. ஒரு குடம், ஐஸ்கட்டியோடு, என் மேல் விழுந்தது.

முதலில் சிரித்தது வசந்தி. மூலையை மட்டும் அவள் விடவில்லை.

உகாதியன்று அந்த ஒரு தக்காளி பழுத்திருந்தது. ஷாமியானாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். எங்கள் இரண்டு பேரையும் சாட்சியாக நிற்க வைத்து வசந்தி அதை நாலாக நறுக்கி ரசத்தில் போட்டாள்.

"விழுந்தாச்சு. சொன்ன சொல் சொன்னதுதான்" என்றாள்.

இலையில் ரசம் ஊற்றியதும் கண்ணை மூடிக் குடித்தேன். "நம்ம தக்காளி தனியாத் தெரியுது."

"தெரியாது. கடைத் தக்காளி மூணு போட்டிருக்கேன். உங்களுதுல புளிப்பே இல்ல."

பேச்சை மாற்றுவதற்காக ஷாமியானாவிடம் என் நோட்டைக் காட்டினேன். பிஞ்சு பிடித்த தேதி, எதிரே பிரஷ். வசந்தி எட்டிப் பார்த்தாள். சாமானை எடுக்க வரும்போதெல்லாம் ஷாமியானா அவளுக்கும் வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி போட்டுவிடுவார், அவற்றை ஓட்டிப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். திரும்பவும் போனைப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க பூ எல்லாம் பிஞ்சு பிடிச்சது, இவர் கூரையைப் பிரிச்சு எடுத்துட்டுப் போன நாளா இருக்கே. கம்பத்தை ஆட்டுறப்ப செடியும் ஆடியிருக்கும். தேனீயும் வந்திருக்கும். நீங்க பிரஷ் பண்ண மத்த நாள்ல ஒண்ணுகூடப் பிடிக்கலையே."

பதினொன்றில் பத்து அப்படித்தான் இருந்தது. மீதி ஒன்றில் தேதி சரியாகத் தெரியவில்லை, அதில் பேஸ்ட் விழுந்திருந்தது.

ஷாமியானா நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "நான் எடுத்துகினு போனதுலதான் காச்சிச்சா?" என்றார். நான் நோட்டை மூடி வைத்தேன். அவர் இன்னொரு கை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் யாரும் கூப்பிடாமல் வந்தார். வண்டியில் நாலு கம்பம், கடப்பாரை, அரை மூட்டை சிமெண்ட். மணியும் பாஷாவும் குழி தோண்டினார்கள். முன்பின் தோண்டியதில்லை என்பது தோண்டிய விதத்தில் தெரிந்தது. ஆளாளுக்கு ஓர் ஆழம். ஷாமியானா மட்டம் பார்த்து, தட்டி, மறுபடி பார்த்து, நாலு கம்பத்தையும் சிமெண்ட் போட்டு நிறுத்தினார். மேலே புது ஷீட். கூரைக்குக் கீழே அதே ஒரு முழம். முடிச்சுகளை முடித்ததும் நுனியை என்னிடம் கொடுத்து, "இழுங்க சார்" என்றார். இழுத்தேன். இறுகியது.

"இது வாடகைக்கு இல்ல சார். இருக்கட்டும்."

மூன்றாம் நாள் காலை ஆறரைக்குக் கேட்டில் நின்றார். வண்டி இல்லை, ஆட்கள் இல்லை.

"என்னண்ணா, பிரிக்க வந்தீங்களா?" என்றாள் வசந்தி.

"இல்லக்கா. மூணாம் நாளாச்சே. வூட்ல இருப்பு கொள்ளல. நிக்குதான்னு சும்னே பாத்துட்டுப் போலாம்னு."

பின்னால் போய் நாலு கம்பத்தையும் ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. போனில் ஒரு படம் எடுத்தார். லென்ஸின் ஓரத்தில் அவர் கட்டைவிரல் இருந்தது எனக்கு இந்தப் பக்கமிருந்து தெரிந்தது, படத்திலும் அது இருந்திருக்கும். மகளுக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்காமலே போய்விட்டார்.

இது போன வருஷம். அதற்குப் பிறகு தக்காளி போடவில்லை. ஒன்று காய்த்துவிட்டது, ஆசை தீர்ந்துவிட்டது. இப்போது நான் தேனீ வளர்ப்பு பற்றி இரண்டு புத்தகம் வாங்கியிருக்கிறேன். நாலு கம்பத்துக்கும் குறுக்கே வசந்தியின் நைலான் கயிறு ஓடுகிறது. ஆடி மழையில்கூட எங்கள் வீட்டுத் துணி காய்கிறது. ஹாலில் விருந்தாளிகள் நேராக நாற்காலியில் உட்காருகிறார்கள்.

ஷாமியானா எங்கள் பக்கம் ஆர்டர் இருக்கும்போதெல்லாம் வந்து நாலு கம்பத்தையும் ஆட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அவர் வராத மாதங்களில் நானே போய் ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

போன வாரம் வந்தவர், டீ தம்ளரோடு நடுவில் நின்று, வசந்தியின் புடவைகளையும் என் சட்டைகளையும் அவற்றுக்கு மேலே தம் கூரையையும் நிதானமாக அண்ணாந்து பார்த்தார்.

"எல்லாம் நல்லாருக்குது சார்" என்றார். "ஓரமா ரெண்டு செடி வெச்சீங்கன்னா இன்னும் அழகா இருக்கும்."